கூரைக்கு நாலு பலகை

"திருப்பு, திருப்பு, இன்னும் கொஞ்சம் திருப்புடா" என்றாள் அக்கா.

தம்பியின் வலது கை மவுஸை நூலளவு நகர்த்தியது. திரையில் சுவரின் மேல் விளிம்பு நடுவுக்கு வந்து நின்றது. அக்காவின் இடது கை கீபோர்டில் மூன்று தட்டுத் தட்டியது. மூன்று பலகைகள் வரிசையாக விழுந்து கூரையில் உட்கார்ந்தன.

திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் இருபத்தொரு நிமிடம் நாற்பது நொடி காட்டியது. மூன்று மாதத்தில் அவர்கள் இவ்வளவு தூரம் வந்ததே கிடையாது.

"மூச்சு விடாதே" என்று சொல்லிவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூச்சு விடுவதே பெரும்பாடாக இருக்கிறவனிடம் சொல்கிற பேச்சா அது? பெல்ட் போட்டு நாற்காலியோடு கட்டி உட்கார வைத்திருந்த தம்பிக்குத் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறான் என்று எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை அவன் லிஃப்ட் மெக்கானிக். எட்டாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி போனில் அரட்டை அடிப்பவன். நரம்பில் வந்த நோய் முதலில் காலை எடுத்தது, அப்புறம் இடது கையை, அப்புறம் பேச்சை. மிச்சம் வைத்தது வலது கையில் மூன்று விரலையும் கண்ணையும் பிடிவாதத்தையும்தான். பிடிவாதத்தை மட்டும் எந்த நோயும் கிட்ட நெருங்க முடியாது என்பது அக்காவின் கருத்து. அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள், அவளுக்குத் தெரியாதா?

இந்த விளையாட்டையும் அந்தப் பிடிவாதத்தோடுதான் பிடித்துக்கொண்டான். விளையாட்டு என்றால் சண்டை கிடையாது, எதிரி கிடையாது. ஒரு வெற்று நிலம், ஆறு, மரம், கல். ஈ காக்காய் கூட வந்து தொந்தரவு செய்யாது. பசி இல்லை, சாவு இல்லை, பிடித்ததைக் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கிடக்கலாம். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் மாளிகையும் தோட்டமுமாகக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஒரு சில கிறுக்கர்கள் மட்டும் அதிலும் ஓட்டப்பந்தயம் வைத்திருந்தார்கள். வெறும் தரையில் ஆரம்பித்து மரம் வெட்டி, கல் உடைத்து, நாலு சுவர் எழுப்பி, கூரை போட்டு, உள்ளே விளக்கேற்றிக் கதவைச் சாத்த வேண்டும். கதவு சாத்திய நொடியில் கடிகாரம் நிற்கும். இரண்டு கையும் நன்றாக இருந்தபோது தம்பி அதைப் பதினெட்டரை நிமிடத்தில் முடித்து உலகப் பட்டியலில் ஒன்பதாவதாக இருந்தான்.

"ஒருத்தனும் துரத்தலையேடா, எதுக்கு இந்த ஓட்டம்?" என்று அக்கா அப்போது கேட்டாள்.

"துரத்தினா யார் வேணும்னாலும் ஓடுவாங்கக்கா" என்றான்.

இடது கை போன பிறகு அக்காவின் இடது கையைக் கடன் வாங்கிக்கொண்டான். அவள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறவள். வக்கீல் வாயைத் திறந்தால் இவள் விரல் ஓடும், மனசு அப்போது மளிகைக் கடையில் இருந்தாலும் சரி. தம்பி மவுஸைத் திருப்பினால் இவள் நடப்பாள், அவன் மரத்தைக் காட்டினால் இவள் வெட்டுவாள். பந்தயங்களுக்கு நடுவராக இருப்பவர், எங்கோ ஓர் ஊரில் பல் டாக்டர், இவர்களுக்காகவே புதிதாக ஒரு பட்டியலைத் திறந்துவைத்தார். இரண்டு பேர் கையைப் பகிர்ந்து ஆடுவது. அதில் இன்னும் ஒரு பெயரும் ஏறவில்லை. ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு முடித்தாலும் உலகத்தில் முதல் இடம், ஏனென்றால் போட்டிக்கு ஆளே இல்லை. ஒரே ஒரு தடவை கதவைச் சாத்தினால் போதும்.

அந்த ஒரு தடவைதான் நடக்கவில்லை. ஒரு மரம் பிசகினால் போதும், தம்பி ஆள்காட்டி விரலைத் தூக்கிவிடுவான். விரலைத் தூக்கினால் ரீசெட் என்று அர்த்தம். அக்கா ஒரு விசையை அழுத்துவாள், எல்லாம் அழிந்து மறுபடி வெறும் தரை. பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் அந்த வியாதி உண்டாம், தப்போடு முடிப்பதைவிட முதலிலிருந்து ஓடுவார்களாம். இதுவரை அறுநூற்றுப் பதினோரு ஓட்டம், அறுநூற்றுப் பதினோரு ரீசெட்.

போன வாரம் டாக்டர் கூடத்தில் நின்று குரலைத் தாழ்த்தி, "நாள் கணக்குதான்" என்றார். தம்பிக்குக் காதில் ஒரு கோளாறும் இல்லை என்பது எல்லோருக்கும் மறந்துபோயிற்று. தினமும் காலையில் ஆபீஸ் போகும் வழியில் வருகிற அக்கா, மறுநாளிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக வரத் தொடங்கினாள்.

இன்று எல்லாம் கூடி வந்திருந்தது. கூரைக்கு இன்னும் நாலு பலகை. அப்புறம் விளக்கு, அப்புறம் கதவு. ஒரு நிமிட வேலை. அக்காவின் கை வேர்த்தது. மேலே பொருத்தியிருந்த கேமரா இரண்டு கைகளையும் பதிவு செய்துகொண்டிருந்தது, அது நடுவர் போட்ட விதி.

"நாலேதான்டா. வா."

தம்பியின் ஆள்காட்டி விரல் மேலே எழுந்தது.

அக்காவின் விரல் அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. திரை வெளுத்தது. சுவரும் கூரையும் போய், வெயிலடிக்கும் வெறும் தரை வந்து நின்றது. கடிகாரம் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓட ஆரம்பித்தது.

"டேய்" என்றாள். "நாலு பலகைடா! நாலே பலகை! எப்படியோ ஒண்ணை முடிச்சுத் தொலைடான்னு நான் நாய் மாதிரி கெஞ்சறேன். உன் பேரு அதுல ஏறிப் பார்க்கணும்னு எனக்கு இருக்காதா? ஆபீஸ்ல தினமும் லேட்டு, தினமும் திட்டு வாங்கறேன். என்னடா தப்பு இருந்துச்சு அதுல? சாகற வரைக்கும் இப்படியே அழிச்சிட்டு இரு!"

சொல்லிவிட்டாள். சொன்னது அறைக்குள் அப்படியே நின்றது. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

குழாயைத் திறந்து, கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே இன்னொரு தரம் கழுவினாள். அழுதாள். மூக்கைச் சிந்தினாள். மன்னிப்பு என்று கேட்டால் அவன் கண்ணாலேயே கேலி செய்வான். அதனால் வெந்நீர் வைத்து, பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, கிண்ணத்தில் ஸ்பூனைப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

"தண்ணி குடிக்கிறியா?"

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பெல்ட் பிடித்துக்கொண்டிருந்தது. கை மவுஸின் மேல் இருந்தது. அக்கா கிண்ணத்தை எங்கே வைத்தாள் என்று அப்புறம் தேடியும் கிடைக்கவில்லை.

மொட்டை மாடியில் துணி காயப்போடப் போயிருந்த தம்பி மனைவி, அக்காவின் கத்தலைக் கேட்டு ஓடி வந்தாள். அவன் கையை மவுஸிலிருந்து எடுத்தவள் அவள்தான். முட்டையை எடுப்பதுபோல எடுத்தாள்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து கண்ணைத் திறந்து பார்த்தார், மணியைப் பார்த்தார். "கால் மணி நேரம் ஆயிருக்கலாம், முன்னப்பின்ன. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"ஆமா" என்றாள் அக்கா.

அந்த 'ஆமா' அவளைக் கேட்காமலே வந்துவிட்டது. வந்தது அதோடு நிற்கவும் இல்லை. டாக்டரிடமிருந்து தம்பி மனைவிக்குப் போனது, அவளிடமிருந்து கூடத்துக்குப் போனது. வந்தவர்களெல்லாம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னார்கள். கூடப்பிறந்தவள் பக்கத்துல இருக்கறப்பவே போயிட்டான், யாருக்குக் கிடைக்கும் அந்தக் கொடுப்பினை? அவனோடு வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் நாலு பேர் வந்து, பேசத் தெரியாமல் சுவரோரமாக நின்றார்கள். அதில் ஒருவர் மட்டும், "தனியா போகலையேக்கா, அது போதும்" என்றார். அக்கா தலையை ஆட்டினாள்.

அவள் மனசில் ஒரே ஒரு கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. விரல் எழுந்தது எதற்காக? ரீசெட் செய்யச் சொல்லித் தூக்கினானா, இல்லை உயிர் போகிற நேரத்தில் அது தானாக எழுந்ததா? தானாக எழுந்தது என்றால், உலகத்தில் முதல் பெயராக ஏறவிருந்த ஓட்டத்தைக் கடைசி நிமிடத்தில் அழித்த பாவி அவள். ஆனால் அப்படி இருந்தால் அவள் பக்கத்தில்தான் இருந்தாள். அதற்கப்புறம் அவள் கத்தியது எதுவும் அவன் காதில் விழுந்திருக்காது. அப்படியே இருக்க வேண்டும், அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும் என்று அவள் மன்றாடினாள். யாரிடம் மன்றாடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மதியம் தம்பி மனைவி அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணி, காலையில ஆடினது வீடியோவுல இருக்கும்ல? அவர் கை அதுல தெரியும்ல?"

"இருக்கும்" என்றாள் அக்கா.

"கடைசியா அந்தக் கை அசைஞ்சதை நான் பார்க்கணும் அண்ணி. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தது. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

"பார்க்கலாம்மா. முதல்ல எல்லாம் முடியட்டும்."

"வண்டி மூணு மணிக்கு வருது. அதுக்கு முன்னாடி பார்த்துடணும் போல இருக்கு."

"நான் எடுத்து வைக்கறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா தம்பியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறையில் யாரும் எதையும் தொட்டிருக்கவில்லை. நாற்காலியிலிருந்து பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் உட்காரும்போதே கம்ப்யூட்டரில் அழைப்பு வந்தது. நடுவர்தான். தினமும் ஒரு தடவை கூப்பிட்டு, "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்பார், அக்கா, "ஏழு, ஏழும் போச்சு" என்பாள்.

"இன்னைக்கு எத்தனை?" என்றது குரல்.

"தம்பி போயிட்டான் சார்."

அந்தப் பக்கம் பல் ராவுகிற இயந்திரம் ஓடி நின்றது.

"எப்போ?"

"காலையில. ஆடிட்டு இருக்கறப்போ. கூரைக்கு நாலு பலகை இருந்துச்சு."

"நாலா?" என்றார் அவர், தன்னை மறந்து. பிறகு, "மன்னிச்சிடுங்கக்கா" என்றார்.

அக்கா அவரிடம் சொல்லிவிட்டாள். முகம் தெரியாத ஆளாக இருந்ததால் சொல்ல முடிந்தது. விரல் எழுந்ததையும் தான் அழுத்தியதையும் எழுந்து போனதையும் சொன்னாள். கத்தின வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. "அவன்தான் தூக்கினானா, தானா தூக்கிச்சான்னு தெரியலை சார். வீடியோவைப் பார்த்தா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலாம். ஆனா நீங்க பார்க்காதீங்கக்கா. அப்படியே விட்டுடுங்க." தயங்கினார். "பட்டியல்ல நான் அவர் பேரைப் போட்டுடறேன். முடிக்கலைன்னா என்ன, ஒருத்தரும் எதுவும் சொல்ல மாட்டாங்க."

"வேண்டாம் சார். முடிக்காத ஓட்டத்துக்குப் பேர் போட்டா எழுந்து வந்து உங்க பல்லை உடைப்பான்."

அவர் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. அழைப்பு நின்றது.

ரெக்கார்டிங் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏழு மணி நேரமாக அந்த வீட்டில் நடந்த அத்தனை அழுகையையும் அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அக்கா அதை நிறுத்தினாள். மவுஸைத் தொடாமல், விசைகளாலேயே காலை நேரத்துக்கு இழுத்துப் போனாள்.

திரையின் ஓரத்தில் சின்னச் சதுரத்தில் இரண்டு கைகள். அவன் வலது, அவள் இடது. நாலேதான்டா, வா என்றது அவள் குரல். விரல் எழுந்தது. அக்கா நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, மறுபடி பார்த்தாள். மற்ற விரல்கள் அசையவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்து அப்படியே நின்றது. எப்போதும்போலத்தான் இருந்தது. எப்போதும்போல இல்லாமலும் இருந்தது. ஆறாவது தடவை பார்த்தபோதும் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சரி, தானாகத்தான் எழுந்தது, இதோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். நினைத்தபடியே ஓடவிட்டாள்.

வெறும் தரை வந்தது. அவள் குரல் கத்த ஆரம்பித்தது. ஒரு சொல் விடாமல் பதிவாகியிருந்தது. சாகற வரைக்கும் என்றது குரல். அவள் கை சதுரத்தை விட்டுப் போனது. நாற்காலி தரையில் கிரீச்சிட்டது. சதுரத்தில் ஒரு கை மட்டும் மிஞ்சியது.

அந்தக் கை அசைந்தது.

திரையில் நிலம் மெல்ல இடது பக்கம் திரும்பியது. மரங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து போய், ஆற்றங்கரை வந்தது. கொஞ்சம் தாண்டிவிட்டது. நூலளவு திரும்பி வந்து, ஆற்றுக்கு நேராக நின்றது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அவன் செய்கிற முதல் காரியம் அதுதான். அவன் ஆற்றைக் காட்டியதும் இவள் நடக்கிற விசையை அழுத்துவாள்.

அவன் காட்டிவிட்டுக் காத்திருந்தான்.

சமையலறையில் குழாய் ஓடும் சத்தமும் பாத்திரம் மோதும் சத்தமும் கேட்டன. கடிகாரம் இருபது நொடி காட்டியது. ஆரம்பத்தில் இரண்டு நொடி தாமதமானாலே விரலைத் தூக்கிவிடுகிறவன் அவன். நாற்பது நொடி. ஒரு நிமிடம். விரலைத் தூக்கவில்லை. பட்டனின் மேல் படிய வைத்திருந்தான். ஒரு நிமிடம் இருபதில் ஆள்காட்டி விரல் பட்டனை இரண்டு தடவை மெதுவாகத் தட்டியது. அதற்கு அந்த விளையாட்டில் ஒரு வேலையும் கிடையாது. கூப்பிட்டிருக்கிறான். அதற்கப்புறம் கை அசையவில்லை. எந்த நொடி என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடிகாரம் மட்டும் ஓடியது. ஐந்து நிமிடம் பத்து நொடியில் அவள் குரல், "தண்ணி குடிக்கிறியா?" என்றது.

அக்கா அதை நிறுத்தினாள். பின்னால் கதவு திறந்திருந்தது. தம்பி மனைவி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று கேட்கத் தேவையில்லை, அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நான் பக்கத்துல இல்லம்மா" என்றாள் அக்கா. "பொய் சொல்லிட்டேன். சாகற வரைக்கும்னு கத்திட்டுப் போயிட்டேன். அவன் கேட்டுட்டுதான் போயிருக்கான்."

தம்பி மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"நீங்க கத்தினது மாடிக்குக் கேட்டுச்சு அண்ணி" என்றாள் கடைசியில். "வழக்கமான சண்டைதான்னு நினைச்சேன். துணி எல்லாம் போட்டு முடிச்சாச்சு. ஆனா இறங்கி வரலை. நீங்க இருக்கீங்களே, பத்து நிமிஷம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்களேன்னு சும்மா நின்னுட்டிருந்தேன். வெயில் நல்லா இருந்துச்சு."

அக்கா அவள் கையை எட்டிப் பிடித்தாள். இருவர் கையும் சில்லிட்டிருந்தது.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "அக்கா, வண்டி வந்தாச்சு" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

அக்கா வீடியோவை மூடினாள். அதற்குப் பின்னால் விளையாட்டு அப்படியே இருந்தது. வெறும் தரையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மூலையில் கடிகாரம் ஏழு மணி நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு மவுஸின் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"இதை நிறுத்தணுமா அண்ணி?"

"தொடாதேம்மா" என்றாள் அக்கா. "அவன் திருப்பி வச்சது அப்படியே இருக்கு."

தம்பி மனைவி கையை எடுத்துக்கொண்டாள். அக்கா தன் இடது கையைக் கீபோர்டில் வைத்து, நடக்கிற விசையை அழுத்தினாள். தரை நகர ஆரம்பித்தது. வெட்ட வேண்டிய மரங்கள் இரண்டு பக்கமும் வந்து பின்னால் போயின. திருப்புவதற்கு ஆள் இல்லாததால் நடை நேராக ஆற்றுக்குள் இறங்கியது. தண்ணீர் ஏறித் திரை முழுவதும் பச்சையானது, பிறகு வடிந்தது. அக்கரையில் அவர்கள் இருவரும் பார்த்தேயிராத புல்வெளி ஒன்று இருந்தது.

கூடத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அக்கா விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.